கெர்லிங் மில்லில் தாவூத் பாய் கேட்ட குரல்

தாவூத் பாய் இறந்துவிட்டார் என்ற செய்தி காலை எட்டரைக்கு வந்தது. அவர் மனைவி மைமூன் அக்காதான் அழைத்தார். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழவே இல்லையாம். புஞ்சாக் ஆலாமில் எங்கள் மென்பொருள் அலுவலகப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். ஒன்பது மணிக்கு அவரிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. "எல்லாம் ஓடுகிறது, கவலை வேண்டாம். தாவூத்." நாங்கள் எழுதிய நிரல்கள் ஒழுங்காக இயங்கினால் தினமும் தானாகப் போகும்படி அவர் அமைத்துவைத்த கடிதம் அது. தெரிந்தும் அதை மூடாமல் மறுபடி மறுபடி படித்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஜெராமில் உணவுக்கடை வைத்திருந்தவரின் மகன். ஆனால் ஒரு தேநீர் ஒழுங்காகக் கலக்கத் தெரியாது. அவர் கலக்கியதைக் குடித்துவிட்டு "பாய், இதை ஆத்துல ஊத்துனா மீன் செத்துரும்" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டு நான் ஒதுங்கிவிடலாம். ஆனால் அவர் பெயரில் ஒரு தவறு நிற்கிறது. அதை முதலில் எடுக்க வேண்டும்.

கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தின் செம்பனை எண்ணெய் மில்லுக்கு நாங்கள் ஒரு கருவி செய்து கொடுத்தோம். பழக்குலைகளை வேகவைக்கும் பெரிய நீராவித் தொட்டிக்குள் ஆட்கள் இறங்கிக் கழுவுவார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அட்டையைக் கருவியில் தொடவைக்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று திரை காட்டும். பூஜ்யம் என்றால்தான் கதவை மூடி நீராவியைத் திறக்கலாம்.

பொருத்திய முதல் வாரமே, அங்கே ஆட்களுக்குக் கங்காணியான மண்டோர் அழைத்தார். பாலசுப்பிரமணியம் என்ற பையன் அட்டையை வைத்தால் மட்டும் திரை இருண்டுவிடுகிறது, மறுபடி எரியும்போது பூஜ்யம் காட்டுகிறது என்றார். மற்றவர்கள் வைத்தால் ஒன்றும் இல்லை. பாலாவின் அட்டையை வேறொருவர் வைத்தாலும் இருள்கிறது. நாங்கள் போய், உள்ளே நடப்பதை வரிக்கு வரி காட்டும் சோதனைப் பதிப்பை ஏற்றிப் பார்த்தோம். அப்போது அதே அட்டைக்கு அது ஒழுங்காக வேலை செய்தது. இறுதியாகக் கொடுக்கும் ரிலீஸ் பதிப்பைத் திரும்ப ஏற்றியதும் இருண்டது. அலுவலகத்தில் எங்கள் சொந்த அட்டைகளை வைத்துப் பார்த்தால் எந்தப் பதிப்பும் இப்படி இருண்டு விழவில்லை. கவனித்தால் நல்ல பிள்ளையாக இருந்தது, தனியே விட்டால் விழுந்தது.

மில்லில் அதற்கு ஒரு காரணம் ஏற்கெனவே பேசப்பட்டிருந்தது. பாலாவின் அப்பா வெங்கடாசலம் அதே மில்லில் வேலை செய்தவர். அந்தத் தொட்டி வரிசையிலேயே வெந்து செத்தவர்.

"அப்பன்தான் மவனை உள்ள விடமாட்டேங்கறாரு லா. ஒரு பூசை போட்டா சரியாயிரும்" என்றார் மண்டோர்.

நான் சிரித்தேன். தாவூத் பாய் சிரிக்கவில்லை. "சாமான் பொய் சொல்லாது மண்டோர். ஏதோ சொல்லுது, நமக்குத்தான் புரியல" என்றார்.

பிழை தீரும்வரை ஆட்களைக் கையால் எண்ணி எழுதச் சொல்லியிருந்தோம். திரையில் எண் தெரியும்போது யார் எழுதுவார்கள்? மறுவாரம் நாங்கள் போனது நல்ல உச்சிவெயில் நேரம். திரை பூஜ்யம் காட்டியது. கழுவும் ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மண்டோர் கதவை முக்கால்வாசி தள்ளிவிட்டார். அப்போது தாவூத் பாய் திடீரென்று, "பாலா எங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. கதவைத் திறந்தார்கள். தொட்டியின் அடிக்கோடியில், காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பாலா தேய்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் தாவூத் பாய்தான் காரை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே கேட்டார். "சரவணா, 'பாலா எங்க'ன்னு நீ எதுக்குக் கேட்டே?"

"நான் கேக்கலையே பாய். நீங்கதான் கேட்டீங்க."

"எனக்குப் பின்னால யாரோ கேட்டாங்க. வயசான குரல். நான் அதைத்தான் திருப்பிச் சொன்னேன்."

எங்களுக்குப் பின்னால் அடுத்த தொட்டியின் சுவர் மட்டும்தான் இருந்தது. அதில் சாய முடியாத அளவுக்குச் சூடு. இதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. அவரும் ஒன்று கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னார். "அப்பா விடலைன்னுதானே சொல்றாங்க? அப்ப அப்பாவையே சோதிச்சுப் பார்த்துடுவோம்."

அலுவலகம் வந்ததும் இரண்டு அட்டைகள் செய்தார். ஒன்றில் பாலசுப்பிரமணியம் என்ற பெயர் மட்டும். மற்றதில் அடையாள அட்டையில் இருக்கிறபடி, 'இன்னார் மகன்' என்பதற்கான 'ஏ/எல்' போட்டு வெங்கடாசலத்தையும் சேர்த்து. ரிலீஸ் பதிப்பில் முதல் அட்டை தாண்டியது. இரண்டாவதை வைத்ததும் திரை இருண்டது. அலுவலகத்தில் அது விழுந்தது அதுவே முதல் தடவை. "அப்பாதான்," என்றார் மெல்ல.

பெயருக்கு முப்பத்திரண்டு எழுத்து இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தகப்பன் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதினால் அவன் பெயர் சரியாக முப்பத்திரண்டு. பெயர் முடிந்தது என்று காட்டும் முடிவுக்குறிக்கு இன்னும் ஓரிடம் வேண்டும். அந்த மில்லில் அவ்வளவு நீளப் பெயர் வேறு யாருக்கும் இல்லை. சோதனைப் பதிப்பில் இடங்களுக்கு நடுவே சும்மா கிடக்கும் வெளி அந்த ஒன்றை வாங்கிக்கொண்டது. ரிலீஸ் பதிப்பில் எல்லாம் லயத்து வீடுகள் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். அந்த ஒன்று பக்கத்து வீட்டில் போய் விழ, கருவி அணைந்து எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியது. எங்கள் அட்டைகளில் இருந்ததோ வெறும் சரவணன், தாவூத், லிம்.

அந்த முப்பத்திரண்டை எழுதியவன் நான். சோதனைப் பெயர்களில் தகப்பன்மாரை வெட்டிப் போட்டவனும் நான். தட்டச்ச அலுப்பு, வேறொன்றுமில்லை. மில் நிர்வாகி வந்து யார் தவறு என்று கேட்டபோது, அறையில் ஐந்து பேர் இருந்தோம். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என் பொறுப்பில் நடந்தது" என்றார் தாவூத் பாய். அதற்குப்பின் அவருக்கு வரவேண்டிய தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. அலுவலகத்தில் அதற்கு 'தாவூத் பிழை' என்றே பெயர் வந்தது. அவர் ஒருமுறைகூட என்னிடம் அதைப் பேசவில்லை. "யாரும் பார்க்காதப்ப அது என்ன பண்ணுது, அதைப் பாரு" என்று நிரல்களைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

ஜெராமில் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். மண் தள்ளி முடிந்ததும் இமாம் தல்கீன் ஓதினார். இறந்தவரைத் தாயின் பெயர் சேர்த்து அழைத்து, கேட்கப்படும் கேள்விகளுக்கு இப்படிப் பதில் சொல் என்று சொல்லிக்கொடுப்பார்கள். "தாவூத் பின் ஜொஹரா" என்று கூப்பிட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். எல்லாரும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டம் கலைந்தபோது பாலா பக்கத்தில் வந்து நின்றான். கெர்லிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே வந்திருக்கிறான்.

"அவரு தப்புல நான் செத்திருப்பேன்ணே. ஆனா அவரேதான் வந்து காப்பாத்துனாரு. மனசுல ஒண்ணும் வெச்சிக்கல லா, அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றான், மண்ணைப் பார்த்து.

மன்னிக்கப்பட வேண்டிய நான் அவர் மண்ணுக்கு மேலே, வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

"பாலா, அது அவர் தப்பில்ல. நான் எழுதினது."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மறுபடி மண் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டான். என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தாவூத் பாயை அறிந்தவர்களே, அந்தப் பிழையை இனி அவர் பெயரில் சொல்லாதீர்கள். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அது ஒன்றைத்தான்.