கவரிங்தானே என்று நினைத்தேன்

விளம்பரப் படம் வரையும் ஓவியர் ஒருவர் வடிவம் வரைந்து கொடுத்த பழைய கவரிங் நகைகளைத் தேடிச் சேர்ப்பதில் எனக்குப் பைத்தியம். கிளியும் மயிலும் காலண்டர் படம் போலவே மின்னும். தங்கமில்லையே, தொலைந்தால் தொலையட்டும் என்று, எங்கள் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஏழு வயது மகளுக்குக் கிளிப் பதக்கச் சங்கிலியைப் போட்டு அழைத்துப் போனேன்.

கூட்டத்தில் அவள் கை நழுவிவிட்டது. கதறிக்கொண்டு தேடினேன். கடைசியில் தெப்பக்குளத்துப் பக்கமிருந்து தனியாக நடந்து வந்தாள். சங்கிலி அவள் கையில் இருந்தது.

"எங்கட்டி போன?"

"ஒரு அத்தை பாசிமணி வாங்கித் தாரேன்னு கூட்டிட்டுப் போனாவம்மா. குளத்துப் படியில எறங்கச் சொல்லி, சங்கிலியக் கழட்டுன்னாவ. இது கவரிங்லா, எங்கம்மாகிட்ட நெறைய கெடக்குன்னேன். கடிச்சுப் பாத்துட்டு, 'இந்தச் சவத்துக்கா இம்புட்டுப் பாடு, ஓடுட்டி'ன்னு சிரிச்சாவ."

சொல்லிவிட்டு மகளும் சிரித்தாள். நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கவரிங் என்பது எனக்குத் தெரியும். தூரத்தில் நின்று பார்த்தவளுக்கு எப்படித் தெரியும்? குளத்துப் படியில் இறங்கும் அந்தச் சின்னப் பாதங்கள் இன்றும் கண்ணை மூடினால் வருகின்றன.

இப்போது அவளுக்கு ஒரு பொட்டு நகைகூடப் போடுவதில்லை.

"பொட்டப்பிள்ளைய ஏன் மூளியா விட்டிருக்கிய?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்கிறார்.

"மூளியாவாவது இருக்காளே, மதினி" என்கிறேன்.