எஃகைத் தொட்டுத் திரும்பிய துகள்கள்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: விம்கோ நகரில் ஆலைகளுக்கு இன்ஜினியரிங் கணக்குப் போட்டுக்கொடுக்கும் அலுவலகம் நடத்திய நஸீர் பாய், அவரிடம் வேலை பார்த்த நான், எண்ணூர் ஆலையின் ஃபோர்மேன் அந்தோணி. வராதவர் ஏழுமலை. அமிலத் தொட்டி கசிந்தபோது அதனடியில் வால்வு திருகிக்கொண்டிருந்த ஃபிட்டர். இடது பாதம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

எஃகுத் தொட்டியின் உட்புறம் எட்டு மில்லிமீட்டர் ரப்பர் லைனிங். அமிலம் அதற்குள் ஊறி எஃகைத் தொட எத்தனை மாதம் ஆகும் என்று கணித்தவன் நான். குழாய் சேரும் மூலையில் வடிவம் கோணலாக இருந்ததால் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை நேரடியாகத் தீர்க்க முடியவில்லை. அதனால் ப்ரௌனியன் மோஷன்: ஆயிரக்கணக்கான துகள்களைக் கணினியில் ரப்பருக்குள் விட்டு, தாறுமாறாக அலையவைத்து, ஒவ்வொன்றும் எஃகைத் தொட எடுக்கும் நேரத்தைச் சராசரி எடுப்பது. விடை நாற்பது மாதம் என்று வந்தது. முப்பத்தெட்டாம் மாதம் திறந்து பார்த்தால் போதும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். முப்பத்தாறாம் மாதமே கசிந்துவிட்டது.

கூட்டத்தில் தைரியமாகவே பேசினேன். "பத்தாயிரம் துகள் விட்டேன் பாய், அப்புறம் ஒரு லட்சம். ரெண்டு தடவையும் நாப்பதுதான் வந்துச்சு."

அந்தோணி திரையைப் பார்த்தார். "இன்னா நைனா இது, தத்தித் தத்திக் குதிக்குது?"

"ஒவ்வொரு ஸ்டெப்பும் சுமாரா ஒன்றரை மில்லிமீட்டர்ண்ணே. ஸ்டெப் முடிஞ்சதும் எங்க நிக்குதுன்னு பாப்போம். எஃகைத் தாண்டியிருந்தா எண்ணிக்குவோம்."

"நடுவுல?"

"நடுவுல பாக்கறதில்ல."

"எங்க கேட்டுல வாட்ச்மேன் மணிக்கொரு தபா தலைய எண்றான். நடுவுல செவுரு ஏறிப் போயி, டீ அட்ச்சிட்டு வந்து குந்திக்கினவன்லாம் வெளியவே போலன்னு ரிஜிஸ்டர்ல கீது. அதே ரிஜிஸ்டரத்தான் நீ கம்ப்யூட்டர்ல எழுதிகிறியா?"

நஸீர் பாய் சிரிக்கவில்லை. "ஸ்டெப்ப சின்னதாக்கிப் பாத்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. ஸ்டெப்பைப் பத்தில் ஒன்றாக்கினால் ஓட்டம் நூறு மடங்கு நேரம் பிடிக்கும். துகளைக் கூட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து, கொஞ்சம் துகளோடு, சின்ன ஸ்டெப்பில் ஓட்டினேன். இரண்டு பேரும் எழுந்து போகாமல் காத்திருந்தார்கள். முப்பத்து மூன்று மாதம் என்று வந்தது. மீதி மூன்று மாதம், தொட்ட எஃகை அரித்து வெளியே வர. எஃகைத் தொட்டுவிட்டு நொடியில் திரும்பிய துகள்களை எல்லாம், இன்னும் தொடாதவை என்று எண்ணியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் என்ன வேலை செய்தேன் என்பது ஏழுமலையின் மனைவிக்குத் தெரியாது. ஒரு சீட்டை நீட்டினார். "டாக்டரு இங்கிலீசுல எழுதிக் குட்த்துகிறாரு. நீ படிச்ச புள்ள. காலு வருமான்னு பாத்துச் சொல்லுப்பா."

படித்தேன். படிக்கத் தெரியாதவனைப் போல நின்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: துகளைக் கூட்டினால் விடையின் ஆட்டம் குறையும், பிழை அப்படியே இருக்கும். ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பாருங்கள். விடை நகர்ந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லைக்கு அருகே, இரண்டு ஸ்டெப்புக்கு நடுவில் தொட்டிருக்கும் வாய்ப்பைக் கணக்கில் சேர்க்கவும் வழி உண்டு. நான்கே வரி புரோகிராம். இப்போது எனக்கு அது மனப்பாடம். அதனால் யாருக்கும் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை.

லைனிங் மாற்ற நஸீர் பாய் கட்டியது பதினோரு லட்சத்து நாற்பதாயிரம். பிறகு அலுவலகத்தைப் பூட்டிவிட்டார். ஏழுமலைக்கு இடது காலில் மூன்று விரல் போயிற்று.