ரோஜா எனக்கு வரவில்லை

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் இருந்தவர்கள்: பிலோமினா என்கிற நான். அடுத்த வீட்டு ரெஜினா. வியாழக்கிழமை செபக் கூட்டம் நடத்தும் லில்லி சேச்சி. எங்களுக்கு வாடகைக்கு வீடு விட்டிருக்கும் ஆயிஷா இத்தா. அவர் கூட்டத்துக்கு வந்தவர் அல்ல, மழை வருகிறது என்று கொடியில் கிடந்த துணியை எடுக்க வந்தவர். செய்தி கொண்டுவந்த ஸ்ராங்கு, அதாவது வேறொரு போட்டை ஓட்டுகிறவர். ஸ்டூலின் மேல் புனித சிறுமலரின் சுரூபம், சின்னச் சிலை. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஸ்ராங்கு செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"போட்ட கப்பலு இடிச்சிட்டு. விடியக்காலத்த. கொஞ்ச பேர அடுத்த போட்டுக்காரங்க எடுத்துட்டாவ. பாக்கி பேரத் தேடுதாவ."

"ஆன்றோ?" என்று நான் கேட்டேன்.

"இல்ல."

"சூசை?" என்றாள் ரெஜினா.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஆன்றோ என் வீட்டுக்காரர். சூசை ரெஜினாவின் வீட்டுக்காரர். இரண்டு பேரும் தோப்பும்படியிலிருந்து ஒரே போட்டில் ஆழ்கடலுக்குப் போனவர்கள். எனக்கும் ஆன்றோவுக்கும் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை. கல்யாணம் முடிந்து மலையாளக் கரைக்கு, இந்த மட்டாஞ்சேரிக்கு வந்தோம். நான் கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் சுக்கு பொறுக்குகிறேன். ரெஜினா இங்கேயே பிறந்தவள். மலையாளம் எழுதவும் படிக்கவும் தெரியும், சண்டை போடவும் தெரியும். அந்தப் போட்டில் ஆள் அனுப்பிய பெண்களில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சிறுமலரை நீங்கள் அறிவீர்கள். பதினைந்து வயதில் மடத்துக்குப் போனவள். இருபத்து நாலு வயதில் சயரோகத்தில் போய்ச் சேர்ந்தாள். வெளியே எங்கும் போய்ப் பிரசங்கம் செய்யவில்லை. மடத்துக்குள்ளே துணி துவைத்தாள், தரை கூட்டினாள், தன்னைப் பிடிக்காதவர்களிடமும் முகம் சுளிக்காமல் இருந்தாள். அவ்வளவுதான். இன்றைக்கும் உலகமெல்லாம் அவளைக் கூப்பிடுகிறது. துணி துவைத்தே ஒருத்தி புனிதை ஆகலாம் என்றால் எங்களுக்கும் வழி உண்டு. எங்கள் பெண்களுக்கு அவளைப் பிடித்தது அதனால்தான்.

அவளுடைய நவநாளில், அதாவது ஒன்பது நாள் செபத்தில், ஒரு வழக்கம் உண்டு. ஒரு ரோஜாவை அடையாளமாகக் கேட்க வேண்டும். கடையில் வாங்கக்கூடாது. யாரிடமும் கேட்டு வாங்கவும் கூடாது. யாராவது தானாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் காரியம் கைகூடியது என்று அர்த்தம். லில்லி சேச்சி அன்றைக்கே நவநாளைத் தொடங்கினார். நானும் ரெஜினாவும் ஆளுக்கு ஒரு ரோஜா கேட்டோம்.

வெள்ளியும் சனியும் நாங்கள் மீன்துறை ஆபீசில் கிடந்தோம். மற்றப் பெண்களும் வந்தார்கள். ரெஜினாதான் பேசினாள். தப்பி வந்தவர்கள் சொன்னதை அப்படியே அங்கே சொன்னாள். நீரோட்டம் வடக்கே இழுக்கிறது, தெற்கே தேடி என்ன பயன் என்று கேட்டாள். மேசையை அடித்துக் கேட்டாள். அதற்குப் பிறகுதான் வடக்கே ஒரு கப்பலை அனுப்பினார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஆயிஷா இத்தா ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போய்த் திரும்பினார். நானும் ரெஜினாவும் படியில் உட்கார்ந்திருந்தோம். இத்தாவின் கையில் ஒரு பலகாரப் பொட்டலம் இருந்தது. ஒரு ரோஜாவும் இருந்தது, மாப்பிள்ளை வந்த காரில் ஒட்டியிருந்தது.

"ஒண்ணும் கழிச்சில்லல்லோ ரெண்டாளும்? இந்நா பிடி," என்று சொல்லி, பட்டினி கிடந்த எங்களுக்குத் தின்னப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். ரோஜாவை ரெஜினாவின் கையில் வைத்தார். இத்தாவுக்கு எங்கள் நவநாள் வழக்கம் எதுவும் தெரியாது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெஜினா அழுதாள். சிரித்தாள். இத்தாவைக் கட்டிப்பிடித்தாள். இத்தா பயந்துபோனார்.

"என்தா மோளே? வண்டியில ஒட்டிச்ச பூவாணு. எறிஞ்சு களயும்னு எடுத்ததா."

சாயங்காலம் லில்லி சேச்சி வந்தார். ரோஜாவைத் தண்ணீரில் வைத்துச் சுரூபத்தின் முன் நிறுத்தினார்.

"ரெஜினா, உன் காரியம் முடிஞ்சு. பிலோமி, நீ இன்னும் விசுவசிக்கணும். உனக்கும் வரும்."

"சேச்சி, ரெண்டு பேரும் ஒரே போட்டுதான," என்றேன்.

சேச்சி செபமாலையைத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்கு நான் தின்ற பலகாரம் என்ன ருசி என்று தெரியாது. ஆண்டவருக்கும் என்மேல் இளக்காரம்தான் என்று நினைத்தேன். சுரூபத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குக் கூப்பிட ரெஜினாவின் கதவைத் தட்டினேன். அவள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சூசையின் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள்.

"நான் எதுக்கு வரணும் அக்கா? அடையாளம் வந்தாச்சே. இனியும் போய்ச் சண்டை போட்டா அவளை நம்பாத மாதிரி ஆகும்."

"ஏட்டி, உனக்கு வந்தாச்சு. எங்களுக்கு?"

"நீங்க பேசுங்க. உங்களுக்கும் கொஞ்சம் தெரியுமே."

நான் பேசினேன். பாதி தமிழ், பாதி மலையாளம். அதிகாரி கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டார்.

"சேச்சி என்தா பறயுந்நது? மலையாளம் அறியுந்ந ஒராளெ விளிக்கு."

மலையாளம் தெரிந்த ஆளைக் கூட்டிவர வேண்டுமாம். தேடுகிற கப்பலை இன்னும் வடக்கே அனுப்பச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வெளியே வந்து ஆபீஸ் மதிலில் சாய்ந்து நின்றேன். அங்கேதான் நான் உண்மையாகச் செபித்தேன். ரோஜா வேண்டாம் என்றேன். அடையாளம் ஒன்றும் வேண்டாம். ஆளைத் தா. தராவிட்டாலும் நான் வேறு எங்கும் போகப்போவதில்லை, போக எனக்கு இடம் இல்லை என்றேன். அது செபம்தானா என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை வடக்கே ஒரு துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. அங்குள்ள போட்டுக்காரர்கள் ஒரு ஆளைத் தூக்கியிருக்கிறார்கள். காலியான டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவன். மழைத் தண்ணீரைக் குடித்து உயிர் பிழைத்தவன். பெயர் ஆன்றோ.

ஒரே ஒரு ஆள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது உதடு வெடித்திருந்தது. உள்ளங்கையில் தோல் இல்லை. நான் கஞ்சி ஊட்டினேன். ரெஜினா வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் கேட்கக்கூடாதே என்று நான் நினைத்தேன். அவள் கேட்டாள்.

"அண்ணா, அவர் உங்ககூட இருந்தாரா?"

"இருந்தான் பிள்ளே. ஒரே கேன்லதான் ரெண்டு பேரும் கெடந்தோம்."

"பின்னே?"

"கைய விட்டுட்டான். நான் பிடிச்சேன். எனக்கும் பெலம் இல்ல."

"எப்ப?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழம. வெயிலு உச்சியில நிக்கும்போ."

"அப்பதான் எனக்கு ரோஜா வந்தது," என்றாள் ரெஜினா. எழுந்து போனாள்.

லில்லி சேச்சி அவளைத் தேற்ற வந்தார். சூசை மோட்சம் சேர்ந்ததற்குத்தான் அந்த ரோஜா அடையாளம் என்றார்.

"நான் மோட்சத்துக்கா கேட்டேன்?" என்றாள் ரெஜினா. "வீட்டுக்குத்தானே கேட்டேன்."

மறுவாரம் சேச்சி என்னிடம் வந்தார். கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டுமாம். செத்துப்போனான் என்று நினைத்தவன் வந்திருக்கிறான், இதைவிடப் பெரிய புதுமை உண்டா என்றார். உண்மைதான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர். அந்தப் பக்கம் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் தோத்திரம் சொன்னால் அவளுக்குக் கேட்கும். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நன்றியை வாய்க்குள்ளே வைத்துக்கொண்டேன். கசந்தது.

ரெஜினா கன்னியர் மடத்துக்குப் போனாள். செபிக்கப் போகவில்லை, சண்டைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர் இருக்கிறார், வயதில் எங்களுக்கும் இளையவர். ரெஜினா உட்காரவில்லை.

"உங்க சிறுமலர் என்னை ஏமாத்திட்டா சிஸ்டர். இன்னும் எத்தனை பேரை ஏமாத்தணும்?"

சிஸ்டர் சிறுமலருக்காக வாதாடவில்லை. நடந்ததைச் சொன்னார். கடைசி மாதங்களில் சிறுமலருக்கு மூச்சு முட்டியது, இரத்தமாகத் துப்பினாள். வலியைவிடப் பெரியது இன்னொன்று. மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்றே அவளுக்கு இருட்டிவிட்டது. கூப்பிட்டாள், ஒரு பதிலும் வரவில்லை. அப்படியே கிடந்து, கூப்பிடுவதை விடாமல் செத்தாள்.

"ரோஜாவப் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க. இதை யாரும் சொல்ல மாட்டாங்க," என்றார் சிஸ்டர். "சூசை ஏன் வரலைன்னு எனக்குத் தெரியாது ரெஜினா. தெரிஞ்ச மாதிரி பேசவும் எனக்கு வராது."

திரும்பி நடந்து எங்கள் சந்து வந்ததும் ரெஜினா நின்றாள்.

"அப்ப அவளுக்கு நம்ம சங்கதி தெரியும் அக்கா," என்றாள்.

"என்ன சங்கதி?"

"கூப்பிட்டா யாரும் பதில் மிண்டாத சங்கதி."

பிறகு, "திங்கக்கிழமை நான் ஆபீசுக்கு வந்திருக்கணும். அவர் போயாச்சு, சரி. மத்தவங்க அப்ப உயிரோட இருந்திருக்கலாமே," என்றாள்.

இப்போது ஒரு போட்டு குறித்த நாளில் வராவிட்டால் பெண்கள் முதலில் ரெஜினாவின் கதவைத்தான் தட்டுகிறார்கள். தமிழ்க்காரிகள் மட்டும் அல்ல, வங்காளத்துக்காரிகளும் வருகிறார்கள். அவள் ஆபீசுக்குப் போகிறாள், எழுதிக் கொடுக்கிறாள், மேசையை அடிக்கிறாள். நான் கூடப் போய் நிற்கிறேன். போகிற வழியில் இருவரும் சிறுமலரைக் கூப்பிடுகிறோம். பூ கேட்பதில்லை.

கோயில் பத்திரிகைக்கு என்று எழுதிய இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை அனுப்புகிறேன்.

"என்னைப் பத்தி நல்லதா ஒண்ணுமே எழுதலையே அக்கா," என்றாள்.

"மேசய அடிச்சத எழுதியிருக்கேன்."

"அது நல்லதுதான்."

ஆண்டவருக்கு நன்றி. என் ஆன்றோவை அவர் தந்தார். ஏன் எனக்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் நன்றி நன்றிதான். சகோதரிகளே, உங்களுக்கு ரோஜா வராவிட்டால் கைவிடப்பட்டோம் என்று நினைக்காதீர்கள். வந்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். கூப்பிட்டுக்கொண்டே நடங்கள். அவள் உங்களுக்கு முன்னே அந்த இருட்டில் நடந்து போனவள்.

கடலில் போனவர்களின் உடம்பு கரைக்கு வரவில்லை. கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் கல்லறைக்குப் போவார்கள். எங்கள் போட்டுக்காரர்களுக்குக் கல்லறை இல்லை. அதனால் நானும் ரெஜினாவும் சிறுமலரின் சுரூபத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், திரும்பாத ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று.

ஏழு.