தங்கைக்குக் கண் வரைந்தவர்

அறுபதுகளில் காதர்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அவர், படங்களைத் திருத்தும் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டே பேசுவார். சோடாபுட்டிக் கண்ணாடி, எப்போதும் சிரித்த முகம்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப என் தங்கையைப் படமெடுத்தபோது, வெளிச்சம் அடித்ததும் அவள் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிவிட்டாள்.

"கவலைப்படாதீங்க, நான் தொறந்து வெக்கிறனுங்க" என்றார் அவர்.

மறுநாள், கழுவிய படத்தில் மூடியிருந்த இமைகளின் மேல் பெரிய சினிமாக் கண்களை வரைந்து, இடுப்பிலிருந்த என் கைக்குழந்தை மகளிடம் நீட்டினார். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"செரியில்லீங்க" என்று அழித்தார்.

"கொழந்தைக்கு என்னங்க தெரியும்?" என்றேன்.

"நாம நகை, பொடவையெல்லாம் பாப்போமுங்க. கொழந்தை கண்ணத்தான் தேடும்."

தங்கையை எதிரே உட்காரவைத்து, அவளைப் பார்த்துப் பார்த்து மறுபடி வரைந்தார். இம்முறை என் மகள் கிளுகிளுவென்று சிரித்து, சித்தியிடம் தாவுவதுபோல் படத்தின் மேல் பாய்ந்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, "படத்துல பார்த்த அதே கண்ணு" என்று தன் அக்காவிடம் சொன்னாராம். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்.

கைக்குழந்தை இல்லாமல் வருகிறவர்களின் படத்தை அவர் யாரிடம் காட்டிச் சரிபார்த்தாரோ, கேட்காமல் விட்டுவிட்டேன்.