சுண்ணாம்பு வட்டங்கள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல வராததால்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடினால் தார் ரோட்டில் வெள்ளை வட்டங்கள் தெரிகின்றன. ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊர் கஜா பெராங்கில் ரோட்டு வேலைக்கு என் அக்காவின் கணவர்தான் மண்டோர், அதாவது மேஸ்திரி. நாங்கள் அவருக்குக் கீழே வேலையாட்கள். மழை விட்டதும் அத்தான் கடப்பாரையால் ரோட்டைத் தட்டிக்கொண்டே நடப்பார். பொத்தென்று சத்தம் வந்தால் அடியில் கல் கலைந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே சுண்ணாம்பால் வட்டம் போடுவார். வட்டங்களைப் பார்த்துத்தான் மேலிடத்தில் கல்லும் ஆளும் ஒதுக்குவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதுதான் வழக்கம்.

அந்த வருடம் ஜப்பான் அதிகாரி புதிதாக ஒன்று சொன்னான்: ரோட்டுக்குத் தேவையான ஆள் போக, மிச்சம் பேர் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு. அங்கே போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

அத்தான் முதல் முறையாகப் பொய் வட்டம் போட்டார். கணீரென்று கேட்ட நல்ல இடங்களிலும் போட்டார்.

"மண்டோரே, என் மொட்டைத் தலையிலயும் ஒண்ணு போடுங்க. ஒரு வாரம் வேலை ஓடும் லா," என்றார் ரோலர் ஓட்டுபவர்.

"ஆடாம நில்லுய்யா, போடுறேன்." அத்தானும் சிரித்தார்.

அதிகாரி வந்து பார்த்தான். ரோடு முழுக்க வெள்ளை. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. அவன் பேச்சைத் தமிழில் சொல்லக் கூட வந்த துபாசி சொன்னார்: "இவ்ளோ கெட்டுப்போன ரோட்டுக்குத் தாரும் இல்ல, கல்லும் இல்லயாம். விட்டுடச் சொல்றாரு. லாரிங்க வேற பக்கம் போகுமாம். ஆளுங்க எல்லாரும் சயாமுக்கு ஏறணும்."

"ஐயோ, நல்ல ரோடுதாங்க! கேக்கச் சொல்லுங்க, கேக்கச் சொல்லுங்க!" அத்தான் கடப்பாரையோடு ஓடி ஓடித் தட்டினார். கணீர், கணீர் என்று கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்களைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

காலில் ஆறாத புண் இருந்ததால் என்னை மட்டும் லாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மண்டோர் போக வேண்டியதில்லை என்றார் துபாசி. "என் ஆளுங்க. நான் இல்லாம எப்படி?" என்று அத்தானும் ஏறினார். ரோலர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரியில் ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அத்தான் நின்றுகொண்டே போனார்.

ஒருவரும் திரும்பவில்லை. "வழியிலயாவது யாராச்சும் அவர உக்கார வச்சிருப்பாங்களா தம்பி?" என்று அக்கா சாகும்வரை கேட்டாள். அவர் இறந்த நாளும் எங்களுக்குத் தெரியாது. அதனால் ஊரார் எல்லோரும் தங்கள் முன்னோருக்குப் படைக்கும் நாளில் அவருக்கும் ஓர் இலை போடுகிறேன்.

கஜா பெராங்,
ஆடி அமாவாசை.