அவள் அடைத்த இடது பக்கம்

பல்செட்டுக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து தருகிற பட்டறையில் முப்பத்தோரு வருடமாக வேலை. ஊரில் பாதிப் பேர் தன் கைவேலையால்தான் மென்று தின்கிறார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். கூட்டத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் போதும், பக்கத்தில் இருப்பவரின் காதருகே குனிந்து, "மேல் வரிசை நம்ம வேலை" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் தனக்குத் தெரிந்த அந்த ஒரு தொழிலை வைத்தே உலகத்தில் உள்ள எல்லாத் தொழிலையும் அளந்துவிடுவார். குழாய் சரிசெய்ய வந்தவருக்கு அவர் பாடம் எடுத்து, அந்த ஆள் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு போன கதையும் உண்டு.

ஐம்பத்து நான்காவது வயதில் அவர் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார். படகுத்துறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஒன்பது வருடமாகக் கட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த படகு அது. பதினாறு அடி நீளம். பாயை எலி தின்றிருந்தது. மரம் காய்ந்து சுருங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நகம் நுழையும். உள்ளே குனிந்து பார்த்தால் வெயில் கோடு கோடாக விழும். வாங்கிய அன்றே பட்டறையில் அறிவித்துவிட்டார்: "வேற ஒருத்தர் கை படக்கூடாது. எல்லாம் நானே செய்யப்போறேன்."

அந்த 'நானே'யில் அவர் மனைவியும் அடக்கம். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள் அவள். வாரம் ஆறு நாள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு, ஏழாவது நாள் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பழைய பெயின்ட்டைச் சுரண்டினாள். தலைமுடியெல்லாம் பச்சைத் தூள். யாராவது வேடிக்கை பார்க்க வந்தால் பல்செட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அடிப்பக்கம் முழுக்கச் சுரண்டி முடிச்சிட்டேன்" என்பார். படகுக்கு அடியிலிருந்து சுரண்டும் சத்தம் வந்துகொண்டேயிருக்கும்.

பக்கத்துக் கொட்டகையில் மீன்பிடிப் படகுகளைச் சரிசெய்யும் தச்சர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். ஒருநாள் தானாக வந்து, இடுக்கில் ஒரு ஆணியை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஞ்சுத் திரியை அடைச்சு மேல மெதுவான பட்டி வைங்க. இறுகிப்போற பசை வேண்டாம். மரம் தண்ணி குடிச்சா உப்பும். அது உப்புறதுக்கு எடம் வேணும்."

"இடுக்கு விடாமப் பொருத்துறதுதாங்க என் பொழப்பே. மயிரிழை இடுக்கு இருந்தாலும் பல்லு போச்சு" என்றார் பல்செட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. தச்சர் ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மனைவிக்கு மனது கேட்கவில்லை. "ஏங்க, நம்ம பாத்ரூம் கதவு மழை வந்தா பிடிச்சுக்குதே. வருஷா வருஷம் நீங்கதானே இழைக்கிறீங்க? அவர் சொல்றது சரிதானோ என்னமோ."

"அது கதவு. இது படகு."

"அப்போ இடது பக்கத்தை எங்கிட்ட விட்டுடுங்க" என்று அவள் கேட்டாள். பசையின் நெடி அவருக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். பாதி வேலை குறைந்தால் நல்லதுதானே என்று பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார்.

அவர் வலது பக்கத்தை இரண்டே நாளில் முடித்தார். இரண்டு குழாயில் தனித்தனியாக வரும், சேர்த்தால் இறுகும் பசையைக் கலந்து, இடுக்குகளில் அழுத்தித் திணித்து, கல்லாக இறுகியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "தடவிப் பாருங்க, எங்க இடுக்கு இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். அவள் தச்சரிடம் மொட்டை உளியும் மரச்சுத்தியும் இரவல் வாங்கி, பஞ்சைத் திரித்துத் திரித்து நான்கு வாரம் அடைத்தாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துப்போயிற்று. அவள் பக்கம் மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது. மேலே நீலப் பெயின்ட் அடித்தபிறகும் கோடுகள் தெரிந்தன.

படகைத் தண்ணீரில் இறக்கிய ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறையிலிருந்து மூன்று பேர், ஒரு பல் மருத்துவர், மனைவியின் தம்பி, அவன் மனைவி என்று துறையில் சின்னக் கூட்டம். படகு மிதந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இடது பக்கக் கோடுகளிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. வலது பக்கத்தில் ஒரு சொட்டு இல்லை.

"பரவால்ல, மூணு நாள் அப்படியே கிடக்கட்டும், மரம் குடிச்சு அடங்கிடும்" என்று கரையிலிருந்து தச்சர் சொன்னார். யார் காதிலும் அது விழவில்லை. ஏனென்றால் பல்செட்டுக்காரர் கணுக்கால் தண்ணீரில், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, மேடையில் நிற்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"எது ஒழுகுது பாத்தீங்களா? மேடம் அடைச்ச பக்கம்! என் பக்கத்துல ஒரு சொட்டு காட்டுங்க பாப்போம். டிக்கெட் கிழிக்கிற கையில படகைக் குடுத்தா இப்படித்தான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தம்பி எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவர் கால் துடைத்துக்கொள்ளக் கையிலிருந்த துண்டை நீட்டினாள். அவர் வாங்கித் துடைத்துக்கொண்டார். மறுநாள் பட்டறையில் அதே வசனத்தை இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னார்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் தனியாகத் துறைக்குப் போனார். அவள் அடைத்த பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் பசையைப் போட வேண்டும் என்று திட்டம். போய்ப் பார்த்தால் படகு விளிம்புவரை மூழ்கிக் கிடந்தது. தச்சர் கப்பி மாட்டித் தூக்கிக்கொடுத்தார். தண்ணீர் வடிந்தபிறகு இரண்டு பக்கமும் தெரிந்தது. இடது பக்கப் பலகைகள் உப்பி, பஞ்சை நெருக்கிப் பிடித்து, ஒட்டிப் பிறந்தவை மாதிரி மூடிக்கொண்டிருந்தன. வலது பக்கத்தில் அந்தக் கல் போன்ற பசை கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. உப்பிய பலகைகளுக்குப் போக இடம் இல்லாமல், ஒரு பலகை ஆணிகளைப் பிய்த்துக்கொண்டு வெளியே துருத்தியிருந்தது. உள்ளே இரண்டு விலாக் கட்டைகள் முறிந்திருந்தன.

தச்சர் 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா நல்லா செஞ்சிருக்காங்க" என்றார். பல்செட்டுக்காரருக்குக் காது இரண்டும் எரிந்தன.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஒத்திகை பார்த்தார். 'தப்பு என்னுதுதான்.' நான்கு வார்த்தைகூட இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள், "படகு எப்படியிருக்கு?" என்று கேட்டாள். வாய் கூசாமல் சொன்னார்: "எவனோ மீன்படகுக்காரன் மோதிட்டுப் போயிட்டான். வலது பக்கம் போச்சு."

"அடப்பாவமே" என்றாள்.

அந்தப் பொய்யைப் பட்டறையிலும் சொல்ல வேண்டியதாயிற்று. என்ன கலர் படகு என்று ஒருவர் கேட்டார், சிவப்பு என்றார். யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. போதாக்குறைக்கு மழை பிடித்துக்கொண்டது. பாத்ரூம் கதவு உப்பிவிட்டது. தினமும் காலையில் தோளால் இடித்துத்தான் உள்ளே போக முடிந்தது. ஒவ்வொரு இடிக்கும் அவருக்கு அந்த முறிந்த கட்டைகள் ஞாபகம் வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. இழைப்புளியை எடுக்கவும் கை வரவில்லை.

அதற்கு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவன் மனைவியும் சாப்பிட வந்தார்கள். தம்பி கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. கைப்பிடியில் ரிப்பன் வேறு கட்டியிருந்தான்.

"அக்கா, உனக்குத்தான். படகு திரும்பத் தண்ணியில இறங்கும்போது நீ ஒக்காந்து இறைக்கணும்ல?"

அவள் சிரித்துக்கொண்டே வாங்கி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். பல்செட்டுக்காரர் தட்டைப் பார்த்தார்.

"மோதினவனைக் கண்டுபிடிச்சீங்களா மாமா?"

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்குவதற்குள் அவளே பதில் சொன்னாள்: "எங்கே கண்டுபிடிக்கிறது? ராத்திரில மோதியிருப்பான். யாரு பாத்தா?" சொல்லிக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கரண்டியைப் பிடித்த கையில் காய்ப்பு இன்னும் போகவில்லை.

அவர் சொன்ன பொய்க்காக அவள் பரிந்து பேசியதும் அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"யாரும் மோதல" என்றார்.

"என்ன மாமா?"

"யாரும் மோதல. நான் அடைச்ச பக்கம் தானா வெடிச்சுது. மரம் உப்பினதும் உங்கக்கா அடைச்சது ஒரு சொட்டு ஒழுகல."

தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். மாமா வழக்கம்போல ஏதோ ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டான். அதனால் அவர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தச்சர் சொன்னது, அவள் சொன்னது, இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாதது, அன்றைக்குக் கூட்டத்தில் வைத்துக் கேலி பண்ணியது எல்லாவற்றையும். முதல் தடவையைவிட இரண்டாவது தடவை கஷ்டமாக இருந்தது. தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் காலால் வாளியை நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள், டம்ளரில் தண்ணீர் ஊற்றியபடி. "அவர் வந்து சொன்ன மறுநாளே போய்ப் பாத்துட்டேன். தச்சர் காட்டினார்."

"அப்புறம் ஏன்க்கா நீ சொல்லல?"

"உன் மாமா எப்போ சொல்றார்னு பாத்துக்கிட்டிருந்தேன். பதினோரு நாள் ஆச்சு."

குனிந்து வாளியை வெளியே இழுத்து, ரிப்பனை அவிழ்த்துவிட்டு, அதை வைக்கப் பாத்ரூமுக்குப் போனாள். கதவு பிடித்துக்கொண்டது. அவள் தோளால் இடிப்பது சாப்பாட்டு மேசைவரை கேட்டது, ஒரு தடவை, இரண்டு தடவை. எழுந்து போய்த் தள்ளிக்கொடுக்க அவருக்கு முகம் இல்லை.