எலி வயிற்றில் குதிரைமசால்

தேஜோன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மா ஹேரான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து எட்டு வருஷம். கூடச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இவள் செய்ததெல்லாம் ஒரே வேலை. கண்ணுக்குத் தெரியாத துகளில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, எலிக்கு ஊசி போட்டு, வயிற்றில் புற்றுநோய்க் கட்டி எங்கே இருக்கிறதென்று படத்தில் காட்ட வேண்டும். காட்டினால் பட்டம். இல்லாவிட்டால் ஒன்பதாம் வருஷம்.

போன மாதம் காட்டியது. சாதாரணமாகவா? எலியின் வயிறு முழுக்கத் தகதகவென்று மின்னியது. அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் தாக் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஆய்வகத்து வாசலில் மாட்டினார். அன்றைக்கே எல்லாரையும் பன்றிக்கறி சுடும் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், தனக்குத் தானே மூன்று தடவை வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்.

ஹேரானுக்கு மட்டும் உறுத்தியது. கட்டி மிளகளவு, வயிறு முழுக்க எப்படி மின்னும்? ஊசியே போடாத எலியை வைத்துப் பார்த்தாள். அதுவும் மின்னித் தொலைத்தது.

எலிக்கூண்டு பார்க்கும் போங் அண்ணன்தான் சொன்னார். "தீனியில குதிரைமசால் தழை இருக்கும்மா. பச்சைத் தழை அந்த வெளிச்சத்துல மின்னும். போன வருஷமே உங்க சார்கிட்ட சொன்னேன். நீங்க கூண்டைக் கழுவுங்கன்னுட்டாரு."

ஒரு வாரம் தழையில்லாத தீனி கொடுத்து, ஊசி போட்டுப் படம் எடுத்தாள். வயிறு இருட்டு. நடுவில் மிளகளவு ஒரு புள்ளி, சன்னமாக. கட்டி இருந்த அதே இடம். எட்டு வருஷத்தில் அவள் சந்தோஷத்தில் அழுதது அன்று ஒரு நாள்தான்.

"இதை எந்த ஆய்விதழ்க்காரன் அட்டையில போடுவான்?" என்றார் தாக். "பழைய தீனியையே போடு."

"அது தழையோட வெளிச்சம் சார்."

"எதுவா இருந்தா என்ன, வெளிச்சம்தானே? உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?"

வேண்டும். அதைச் சொல்லத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாய்மொழித் தேர்வன்று தாக்கையும் சேர்த்துத் தேர்வாளர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹேரான் எல்லாப் படங்களையும் போட்டாள், ஊசி போடாத எலி உட்பட. தழை விஷயத்தையும் சொல்லிவிட்டாள். தாக்கின் முகம் வெந்த நண்டு போலானது.

"பாவம், பொண்ணு குழம்பிட்டா," என்றார்.

தேர்வாளர்களில் அறுவை மருத்துவரான கில் அம்மாள் எழுந்து, கடைசிப் படத்தின் அருகே போய் நின்றார். "வயிறு பூரா மின்னினா நான் எதைங்க வெட்டுறது? எனக்கு வேண்டியது இந்தப் புள்ளிதான்."

அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒப்புதல் தாள் சுற்றி வந்தது. நான்கு பேர் கையெழுத்துக்குப் பதில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தினார்கள். ஐந்தாவது தாக். முத்திரையை மையில் தோய்த்தவர், தாளுக்கு ஒரு சாண் மேலே கையை நிறுத்திக்கொண்டு சபையைப் பார்த்தார்.

"நானும் ஆரம்பத்துல இருந்து இதைத்தான் சொல்றேன். தீனியை மாத்து, தீனியை மாத்துன்னு. இவ கேட்டாத்தானே?"

எல்லாரும் ஹேரானைப் பார்த்தார்கள். அவள் முத்திரையைப் பார்த்தாள்.

"ஆமா சார்," என்றாள். "நான்தான் கேக்கலை."

முத்திரை விழுந்தது.